இத்தாலிய முகமூடி நாடகத்தைத் தோட்ட மண்டபத்தில் ஆடுவது எப்படி

கொம்மேதியா தெல் ஆர்த்தே என்ற இத்தாலிய முகமூடி நகைச்சுவையில் எழுதி வைத்த வசனம் கிடையாது. யார் எப்போது நுழைகிறார், எதற்காக நுழைகிறார், எப்படி வெளியேறுகிறார் என்று ஒரே ஒரு கதைத்தாள் இருக்கும். அதை மேடைக்குப் பின்னால் ஒட்டிவிட்டு நடிகர்கள் ஆடுவார்கள். கதை மாறிக்கொண்டே இருக்கும், பாத்திரங்கள் மாறமாட்டார்கள். கஞ்சக் கிழவன் பந்தலோனே, ஓயாமல் பேசும் தொத்தோரே, பீற்றிக்கொள்ளும் காபித்தானோ, பசியோடு அலையும் வேலைக்காரன் அர்லெக்கினோ, அவனைவிடக் கெட்டிக்கார வேலைக்காரி கொலம்பினா, ஒருவரையொருவர் நினைத்து உருகும் இளங்காதலர் என்று எல்லாரையும் பார்வையாளர் முன்பே அறிந்திருப்பார்கள். இன்று இவர்கள் எந்த வம்பில் மாட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான் கூட்டம் கூடும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், கோல சிலாங்கூர் போன்ற தோட்டப் பட்டணங்களில் இந்த நாடகத்தை ஆட நினைக்கும் இளைஞர் குழுக்களுக்காக இந்த வழிகாட்டி. ஏழு பேர், ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம் அல்லது பாலாய் ராயா என்ற ஊர்ப் பொதுமண்டபம், வாரத்துக்கு இரண்டு மாலைப் பொழுதுகள், எட்டு வாரம் இருந்தால் இருபத்தைந்து நிமிட நாடகம் ஒன்றைத் தயார் செய்துவிடலாம்.

இந்தக் கலை பிறந்ததும் இப்படிப்பட்ட சின்னக் குழுக்களில்தான். 1545 பிப்ரவரியில் பதுவா நகரில் எட்டு ஆண்கள் ஒரு சான்றாளர் முன் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். வருமானத்தைப் பங்கிடுவது, நோயில் விழுந்தவனைப் பொதுப் பணத்திலிருந்து பார்த்துக்கொள்வது, சாமான் சுமக்கப் பொதுவில் ஒரு குதிரை வாங்குவது எல்லாம் அதில் இருக்கின்றன. நமக்குத் தெரிந்த முதல் தொழில்முறைக் குழு ஒப்பந்தங்களில் அது ஒன்று. நீங்களும் பணம், நேரம், பொருள்களுக்கு யார் பொறுப்பு என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். குழுக்கள் நடிப்பால் உடைவதில்லை, இந்த மூன்றால்தான் உடைகின்றன.

ஆளுக்கு ஒரு பசி, ஆளுக்கு ஒரு நடை

முகமூடி செய்வதிலிருந்து தொடங்க எல்லாருக்கும் ஆசை வரும். அந்த ஆசையை மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தீராத பசி ஒன்று உண்டு, அந்தப் பசி உடம்பில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அவருடைய நடை. இந்த இரண்டும் பிடிபட்டால் வசனம் தானாக வரும். பிடிபடாமல் முகமூடி மாட்டினால், முகம் மறைந்த பையன் ஒருவன் மேடையில் நிற்பான், அவ்வளவுதான்.

பந்தலோனேவிலிருந்து தொடங்குங்கள். வெனிஸ் நகர வியாபாரி, காசு என்றால் உயிர். சிவப்புச் சட்டை, சிவப்புக் காலுறை, மேலே கறுப்பு அங்கி, வளைந்த மூக்கு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்த்தாடி, இடுப்பில் பணப்பை. நடை இப்படி: குதிகால் இரண்டும் ஏறக்குறைய ஒட்டியிருக்க, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பட்டும். முழங்காலை மடியுங்கள். முதுகு கூன, தலை மட்டும் முன்னே நீளட்டும். அடி சின்னது, வேகமானது. ஒரு கை எப்போதும் பணப்பைக்குப் பக்கத்திலேயே. நல்ல செய்தி கேட்டால் கிழவன் இருபது வயதாகத் துள்ளுவான். துள்ளிய மறுகணம் இடுப்பு பிடித்துக்கொள்ளும். 'செலவு' என்ற சொல் காதில் விழுந்தால் மல்லாக்க விழுந்து கைகால் உதறுவான். அப்படி விழுவதற்குப் பயிற்சி வேண்டும்: முதலில் உட்காருங்கள், பிறகு முதுகை உருட்டுங்கள், முகவாயை மார்போடு ஒட்டிவையுங்கள். இல்லையென்றால் பின்மண்டை சிமெண்டில் மோதும்.

அர்லெக்கினோ பெர்காமோ பக்கத்து ஏழை, வேலை தேடி வந்தவன். கறுப்பு முகமூடி, சப்பை மூக்கு, நெற்றியில் ஒரு புடைப்பு, பல நிற ஒட்டுத்துணி உடுப்பு. அவனுடைய பசி நிஜமான வயிற்றுப் பசி. அது இந்த நிமிடத்துப் பசி. நாளைக்கு என்ற நினைப்பே அவனுக்கு வராது. முழங்கால் மடிந்திருக்கும், எடை ஒரே காலில் இருக்கும், மற்ற காலின் குதிகால் முன்னே நீண்டு விரல்கள் மேலே பார்க்கும். எந்தப் பக்கமும் ஓடத் தயாரான நிலை அது. தொடை வலிக்கும், வலித்தால்தான் சரியாக நிற்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு நிமிடத்தில் தொடங்கி வாரம் ஒரு நிமிடம் கூட்டுங்கள். மிலான் நகரின் பிக்கொலோ தியேட்டரில் ஃபெருச்சோ சொலேரி எண்பது வயதைத் தாண்டியும் இந்தப் பாத்திரத்தை ஆடினார். உடம்பு பழகிவிட்டால் அது எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தெருக்கூத்துக் கட்டியக்காரனைப் பார்த்தவர்கள் அர்லெக்கினோவையும் அப்படியே ஆடிவிடுவார்கள். இங்கே கவனம் தேவை. கட்டியக்காரனுக்குக் கதை முழுக்கத் தெரியும், அவன் நமக்கு விளக்குவான், ராஜாவையே கேலி செய்வான். அர்லெக்கினோவுக்கு அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்பதே தெரியாது. கேலி செய்யும் நோக்கமும் இல்லை. கிடைத்த வேலையை ஒழுங்காகச் செய்யப் பார்ப்பான், செய்யும்போது எல்லாம் குளறுபடியாகும். அவன் புத்திசாலித்தனமாகக் கண்ணடிக்கத் தொடங்கினால் பாத்திரம் செத்துப் போகும்.

தொத்தோரே பொலோனியா நகரத்துப் படிப்பாளி. கறுப்பு அங்கி, பெரிய தொந்தி. முகமூடி நெற்றியையும் மூக்கையும் மட்டும் மூடும், கன்னம் வெளியே தெரியும், அதில் சிவப்புப் பூசுவார்கள். தான் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும் என்பதே அவருடைய பசி. எடை குதிகாலில், தொந்தி முன்னால், எட்டு வடிவில் குட்டி அடிகளாகச் சுற்றிச் சுற்றி நடப்பார். அதனால் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. தலையணையைத் தொந்தியாகக் கட்டினால் ஆட்டத்தில் நழுவும். பழைய பனியன் உள்பக்கம் துணிப்பை தைத்து, அதில் பஞ்சு அடைத்து, இரண்டு தோளிலிருந்தும் வார் விடுங்கள்.

காபித்தானோ பெரும்பாலும் ஸ்பானியன். இத்தாலியின் பெரும்பகுதி அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஊர்க்காரர்கள் ஆக்கிரமித்தவனைச் சிரித்துத் தீர்த்துக்கொண்டார்கள். நீண்ட மூக்கு, நீண்ட வாள். கால் அகட்டி, மார்பு விரித்து, மேடையை மூன்றே அடியில் கடப்பான். வீரன் என்று ஊர் நம்ப வேண்டும், அதுதான் அவன் பசி. பலர் இவனை நுழையும்போதே கோழையாகக் காட்டிவிடுகிறார்கள். அது தப்பு. முதல் காட்சி முழுக்க அவன் நிஜ வீரன் போலவே இருக்கட்டும், பார்வையாளரும் பாதி நம்பட்டும். பிறகு பின்னால் ஒரு தகர வாளி உருளும் சத்தம் கேட்டு, கீச்சுக் குரலில் அலறி, நின்ற இடத்திலேயே ஓடினால்தான் சிரிப்பு வெடிக்கும்.

காதலர்களுக்கும் கொலம்பினாவுக்கும் முகமூடி இல்லை. காதலிக்கு இசபெல்லா என்ற பெயரே இசபெல்லா ஆந்திரெயினி என்ற மாபெரும் நடிகையால் நிலைத்தது. ஜெலோஸி குழுவின் உயிர்நாடி அவர், 1604-இல் லியோன் நகரில் இறந்தார். பெண்கள் மேடையேறுவதே பல நாடுகளில் நடக்காத காலத்தில் இந்தக் குழுக்களில் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். காதலர் ஆடுபவர்களுக்கு ஒரே கட்டளை: உங்கள் காதலை நீங்களே கிண்டல் செய்யாதீர்கள். மூச்சை மார்பின் மேல்பகுதியில் வைத்து, நுனிக்காலில் எழும்பி, தரையில் கால் பாவாததுபோல் நடங்கள். அவர்கள் உண்மையாக உருகினால்தான் மற்ற எல்லாரும் போடும் ஆட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கும்.

கொலம்பினா இடுப்பில் கைவைத்து வேகமாக நடப்பாள், நேராகப் பார்ப்பாள். மேடையில் சுயபுத்தியோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். குழுவில் நேரத்தைக் கணக்காகப் பிடிக்கத் தெரிந்த பெண்ணிடம் இந்தப் பாத்திரத்தைக் கொடுங்கள். காட்சி திசைமாறும்போது அதை இழுத்துப் பிடிப்பது அவள் வேலை.

யார் எந்தத் தமிழ் பேசுவது

இத்தாலியில் பந்தலோனே வெனிஸ் வழக்கில் பேசுவான், தொத்தோரே பொலோனியா வழக்கில் அரைகுறை லத்தீன் கலப்பார், வேலைக்காரர்கள் பெர்காமோ கொச்சையில், காதலர்கள் இலக்கிய நடைத் தொஸ்கானா மொழியில். வாயைத் திறந்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். நாம் எல்லாரையும் ஒரே மேடைத்தமிழில் பேச வைத்தால் நாடகத்தின் பாதி போய்விடும். மலேசியத் தமிழில் இந்தப் பிரிவினைக்குப் பஞ்சமே இல்லை.

காதலர்கள் தூய தமிழில் பேசட்டும், வாக்கியத்தை முடிக்கட்டும், வினைமுற்று கணீரென்று விழட்டும். அர்லெக்கினோ பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பேசும் தமிழைப் பேசட்டும், மலாய் தாராளமாகக் கலக்கட்டும்: "மொதலாளி, மக்கான் இன்னும் ஆகலயா? வயிறு கோசோங்கா இருக்கு." பந்தலோனே பழைய தோட்டத்துப் பெரியவர்களின் தமிழ் பேசுவான், மகளை "அம்மாடி" என்பான், வேலைக்காரனை "அடேய்" என்பான், எந்த வாக்கியமும் ரிங்கிட்டில் போய் முடியும். கொலம்பினா வேகமான பட்டணத்துத் தமிழ்; அர்லெக்கினோவை "டேய்" என்பாள், இசபெல்லாவை "அக்கா" என்பாள், பந்தலோனேவை நேரில் "ஐயா" என்பாள்.

தொத்தோரேவுக்கு ஆங்கிலமும் வடமொழியும் பழமொழியும் கலந்த கலவை. எல்லாருக்கும் தெரிந்ததைப் பெரிய கண்டுபிடிப்பாக அறிவிப்பது அவருடைய பழைய வித்தை. "உறங்குகிறவன் விழித்திருக்கமாட்டான் என்பது சாஸ்திர சம்மதம். கப்பல் கடலில் இருக்கும்வரை துறைமுகத்தில் இராது. இதில் மாற்றுக் கருத்து உண்டோ?" இந்தப் பேச்சு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. யாராவது குறுக்கே வந்து நிறுத்த வேண்டும், அவராக முடிக்கக்கூடாது.

காபித்தானோவுக்கு ஊர்ப்பெயர்கள் வேண்டும்: "ஈப்போவிலிருந்து தைப்பிங் வரைக்கும் என் மீசையைப் பார்த்தால் பாலாக் (மரக்கட்டை) லாரி நடுரோட்டில் நிற்கும்!" ஆனால் அவனை மலாய்க்காரராகவோ சீனராகவோ வங்காளதேசத் தொழிலாளராகவோ காட்டாதீர்கள். மூலத்தில் அவன் ஊரை ஆண்ட அந்நியனைக் கிண்டல் செய்யப் பிறந்தவன். பக்கத்து வீட்டுக்காரனையோ தனக்குக் கீழே இருப்பவனையோ கிண்டல் செய்தால் பாத்திரத்தின் முதுகெலும்பே உடைந்துவிடும். அதேபோல் பந்தலோனேவை ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கடைக்காரரைப்போல் ஆடினால் முதல் ஐந்து நிமிடம் கைத்தட்டல் கிடைக்கும், அதன்பிறகு பார்வையாளர்கள் நாடகத்தை விட்டுவிட்டு அந்த மனிதரைத்தான் பார்ப்பார்கள். அவர் மகளும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

முகமூடி செய்தல்

தொழில்முறை முகமூடிகள் தோலால் ஆனவை. நனைத்த தோலை மர அச்சின்மேல் இழுத்து, தட்டித் தட்டி உருவம் கொடுப்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் வழக்கொழிந்துகொண்டிருந்த அந்த முறையைப் பதுவாவின் சிற்பி அம்லேத்தோ சார்த்தோரி மீட்டெடுத்தார். மிலானில் இயக்குநர் ஜார்ஜோ ஸ்ட்ரெஹ்லர் 1947-இல் மேடையேற்றிய புகழ்பெற்ற அர்லெக்கினோ நாடகத்துக்குப் பின்னாளில் தோல் முகமூடி செய்து கொடுத்தவர் அவர்தான். நமக்குக் காகிதக்கூழ் முகமூடி போதும். ஒழுங்காகச் செய்தால் பல ஆட்டங்கள் தாங்கும்.

வேண்டியவை: கடையில் விற்கும் சாதாரண பிளாஸ்டிக் முக அச்சு, களிமண் நிறத்துப் பிளாஸ்டிசின் அரைக் கிலோ, வாசலின், செய்தித்தாள், பிரவுன் தாள், மரவள்ளி மாவு, வெள்ளைப் பசை, மணல்தாள், வெள்ளை எமல்ஷன் பெயிண்ட், வார்னிஷ், இரண்டு சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக்.

அச்சின்மேல் பிளாஸ்டிசினால் மூக்கு, புருவம், கன்னமேடு கட்டுங்கள். முகமூடி மேலுதட்டுக்கு மேலேயே முடிய வேண்டும். வாயும் தாடையும் வெளியே இருந்தால்தான் பேச்சு கூட்டத்துக்குப் போய்ச் சேரும். நடுத்தரமாக ஒன்றும் செய்யாதீர்கள். மூன்றாவது வரிசையிலிருந்து பார்க்கும்போது மூக்கின் நிழல் கன்னத்தில் விழ வேண்டும். வாசலினை மெல்லியதாகப் பூசுங்கள்.

பசைக்கு ஒரு கப் மரவள்ளி மாவை முதலில் கொஞ்சம் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஆறு கப் தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சுங்கள். ஆறியதும் அதே அளவில் பாதி வெள்ளைப் பசையும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் சேருங்கள். வினிகர் பூஞ்சையைத் தள்ளிப்போடும். தாளைக் கத்தரிக்காதீர்கள், கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும், வெட்டிய ஓரம் கோடாகத் தெரியும். துண்டு இரண்டு விரல் அகலம், மூக்கு நுனியில் அதிலும் பாதி. முதல் அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பிரவுன் தாள், மறுபடி செய்தித்தாள். இப்படி மாற்றிப் போட்டால் எங்கே அடுக்கு விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரியும். மொத்தம் ஏழு அடுக்கு.

இங்கேதான் நம் ஊர் ஈரம் விளையாடும். ஒரே நாளில் ஏழு அடுக்கும் ஒட்டினால் மேலே காய்ந்து உள்ளே நசநசவென்று இருக்கும், நான்காம் நாள் கறுப்புப் புள்ளியும் நாற்றமும் வரும். ஒரு தடவைக்கு இரண்டு அடுக்கு, பிறகு மின்விசிறிக்கு முன்னால் ஒரு முழு இரவு. உச்சி வெயிலில் வைத்தால் பிளாஸ்டிசின் இளகி மூக்கு சாயும்.

காய்ந்ததும் அச்சிலிருந்து கழற்றுங்கள். பந்தலோனேவின் வளைமூக்கு உள்ளே பிளாஸ்டிசினைக் கவ்விக்கொள்ளும். இழுத்தால் மூக்குத் தண்டு மடிந்துவிடும். பின்பக்கத்திலிருந்து கரண்டிக் காம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுங்கள். கண்துளையை முதலில் ஒரு சென்டிமீட்டருக்குப் போட்டு, மாட்டிப் பார்த்துப் பார்த்துப் பெரிதாக்குங்கள். துளை சின்னதாக இருந்தால் நடிகர் கண்ணால் திரும்ப முடியாமல் முழுத்தலையையும் திருப்புவார். நமக்கு வேண்டியதும் அதுதான், தலை திரும்பும்போதுதான் முகமூடிக்கு உயிர் வருகிறது.

உள்பக்கம் வார்னிஷ் இரண்டு பூச்சு. வேர்வை காகிதத்தைக் கரைத்துவிடும், இந்தப் பூச்சை விட்டுவிடாதீர்கள். வாடை முழுக்கப் போன பிறகே மாட்டுங்கள். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் சின்னப் பஞ்சுத்துண்டு ஒட்டினால் காற்றுப் போகும். எலாஸ்டிக்கைப் பொட்டு உயரத்தில் பொருத்துங்கள், காதோரம் தாழ்த்திப் பொருத்தினால் ஆடும்போது முகமூடி மேலே ஏறும். வெளிப்பக்கம் பளபளக்கும் பெயிண்ட் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் முகம் வெள்ளைத் திட்டாகிவிடும்.

தோட்டத்தில் பால் கிடைக்கிறதே, ரப்பர் முகமூடி செய்யலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மரத்துப் பால் அப்படியே காய்ந்தால் பலமில்லாத ஏடாகும், சூட்டில் பிசுபிசுக்கும். முகமூடி செய்பவர்கள் பயன்படுத்துவது கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்திய பால். மேலும் சிலருக்கு ரப்பர்ப்பால் தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் தரும். காகிதமே நல்லது.

அர்லெக்கினோவின் தட்டுக்கோல்

பத்தோச்சோ என்ற இந்தக் கோல் அடித்தால் இடி மாதிரி சத்தம் வரும், வலி தெரியாது. பிளந்து நன்றாகக் காய வைத்த மூங்கில் பட்டை இரண்டு எடுங்கள், ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர் நீளம், மூன்று விரல் அகலம். பிடியின் பக்கம் மட்டும் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு நடுவில் அரை சென்டிமீட்டர் கனத்தில் மரத்துண்டு வைத்து, இறுக்கமாகச் சணல் சுற்றிப் பசை பூசுங்கள். மறுமுனை திறந்தே இருக்கும். அடிக்கும்போது இரண்டு பட்டையும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். இடைவெளி கூடினால் சத்தம் மந்தமாகும், குறைந்தால் பட்டைகள் ஒட்டிக்கொள்ளும். ஓரங்களை மணல்தாளால் உருட்டுங்கள், மூங்கில் சிராய் ஆழமாக ஏறும். அடி விழும் இடம் பின்புறமும் தோளின் சதைப்பகுதியும் மட்டும். தலை, முழங்கால், முதுகெலும்பு கூடவே கூடாது. அடி வாங்குபவர்தான் அடியை நடிக்க வேண்டும், அடிப்பவர் மணிக்கட்டை மட்டும் உதறினால் போதும்.

லாட்ஸோ: ஒரு ஈயை முன்வைத்து

கதை ஓடும்போது நடுவில் நின்று ஆடும் சின்ன வித்தைக்கு லாட்ஸோ என்று பெயர். பழைய லாட்ஸோக்களில் ஈ பிடிப்பது மிகப் பிரபலம். அர்லெக்கினோ கடிதம் கொண்டுபோகும் வழியில் பசியால் நிற்கிறான். காதருகே ஈ. தலை மட்டும் திரும்புகிறது. ஈயைப் பார்க்கிறான், கூட்டத்தைப் பார்க்கிறான், மறுபடி ஈயைப் பார்க்கிறான். இந்த மூன்று பார்வைதான் முகமூடி நடிப்பின் அரிச்சுவடி; நடுப்பார்வையை விட்டுவிட்டால் யாருக்கும் சிரிப்பு வராது. ஈ மூக்கு நுனியில் உட்காருகிறது. கை மெதுவாக ஏறுகிறது. முதல் முறை தப்பிவிடுகிறது. இரண்டாம் முறையும். மூன்றாவதில் பிடித்துவிடுகிறான். மூடிய கையைக் காதில் வைத்துக் கேட்கிறான். ஒரு இறக்கையைப் பிய்க்கிறான், இன்னொன்றையும். விருந்துபோல் மடியில் துணி விரிக்கிறான். வாயில் போடுகிறான். ஈ வயிற்றுக்குள் பறக்கிறது, உடம்பு முழுக்க அதோடு போகிறது.

ஈயின் சத்தத்தை வாயால் போடுவது பக்கத்தில் மறைந்திருக்கும் இன்னொருவர். இருவரும் சேர்ந்தே பழகுங்கள். கண் போகும் வேகமும் சத்தத்தின் வேகமும் பொருந்தாவிட்டால் ஈ மறைந்துவிடும். இரண்டு நிமிடம் போதும். கூட்டம் சிரிக்கிறதே என்று நான்காம் தடவை பிடித்தால் சிரிப்பு அடங்கி, அடுத்த காட்சி குளிர்ந்த கூட்டத்தோடு தொடங்கும்.

கடிதத்தை ஒட்டும் லாட்ஸோவும் கைவசம் இருக்கட்டும். பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய நாடகாசிரியர் கோல்தோனியின் 'இரு எஜமானர்களின் வேலைக்காரன்' நாடகத்தில் கடிதத்தை ஒட்ட வேலைக்காரன் ரொட்டியை மெல்லுகிறான், பசியில் அதை விழுங்கிவிடுகிறான். ஒரு ரொட்டி சானாய் போதும் இதற்கு.

மேடையில் முகமூடியைக் கையால் தொடாதீர்கள். தொட்டால் அது அட்டை என்று கூட்டத்துக்கு நினைவு வந்துவிடும். மாட்டுவதும் கழற்றுவதும் திரைக்குப் பின்னால். பக்கவாட்டில் நின்று எதிராளியைப் பார்த்துப் பேசினால் முகமூடி பாதிதான் தெரியும். மார்பு கூட்டத்தைப் பார்க்கட்டும், தலை போய்வரட்டும்.

ஆடிப் பார்க்க ஒரு கதைத்தாள்

பின்திரையில் எதிரெதிரே இரண்டு வீட்டு வாசல், நடுவில் தெரு.

பந்தலோனே மகள் இசபெல்லாவைக் காபித்தானோவுக்குக் கட்டிக்கொடுக்க நினைக்கிறான், காரணம் மாப்பிள்ளை வரதட்சணை கேட்கவில்லை. "இன்றிரவு வா, காசு பேச்சே வேண்டாம்" என்று வெள்ளைத்தாளில் எழுதி அர்லெக்கினோவிடம் கொடுக்கிறான். உள்ளே போகிறான். தொத்தோரேவின் மகன் ஃபிளாவியோ வந்து, இசபெல்லாவுக்கு உருகி எழுதிய சிவப்புத்தாள் கடிதத்தையும் அதே அர்லெக்கினோவிடமே கொடுக்கிறான். அவனுக்கு எழுத்து தெரியாது. ஈ லாட்ஸோ இங்கே. இரண்டு தாளும் கீழே விழுகின்றன, மாறிப்போகின்றன.

காபித்தானோவுக்குக் காதல் கடிதம் போகிறது, தன்மேல் பித்துப் பிடித்த பெண் என்று மீசை முறுக்குகிறான். இசபெல்லாவுக்கு மற்றது போகிறது. ஃபிளாவியோ தன்னை விலை பேசுகிறான் என்று நினைக்கிறாள். காதலர் சண்டை. தொத்தோரே சமாதானம் பண்ண வந்து கல்யாணத்தின் பயன் பற்றிப் பேசத் தொடங்குகிறார், கொலம்பினா வாளித் தண்ணீரோடு குறுக்கே வந்து நிறுத்துகிறாள்.

இரவுக் காட்சி. விளக்கை அணைக்காதீர்கள். முழு வெளிச்சத்தில், எல்லாரும் இருட்டில் துழாவுவதுபோல் ஆட வேண்டும். ஒருவர் மூக்கும் இன்னொருவர் மூக்கும் ஒரு சாண் தூரத்தில் கடந்து போவதைக் கூட்டம் பார்க்க, அவர்கள் மட்டும் பார்க்கக்கூடாது. காபித்தானோ பந்தலோனேவைக் கட்டிப்பிடிக்கிறான், அர்லெக்கினோ திருடன் என்று தட்டுக்கோலை எடுக்கிறான். கொலம்பினா விளக்கோடு வருகிறாள், இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறாள். காபித்தானோ ஓடுகிறான். ஃபிளாவியோவும் வரதட்சணை வேண்டாம் என்கிறான், பந்தலோனே உடனே சம்மதிக்கிறான். விருந்துத் தட்டு வருகிறது. அர்லெக்கினோவுக்குக் கிடைக்கிறதா இல்லையா என்பதை உங்கள் குழு தீர்மானிக்கட்டும்.

தாளின் நிறம் முக்கியம். இரண்டும் வெள்ளையாக இருந்தால் எது எங்கே போனது என்று கடைசி வரிசைக்குத் தெரியாமல் கதையே விளங்காது. ஒத்திகையில் முதலில் பேச்சே இல்லாமல் முழுக்கதையையும் ஆடுங்கள். பார்க்க வந்தவருக்குக் கதை புரிந்தால்தான் வாய் திறக்கலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது புதுக்குழுக்களின் பெரிய வியாதி. பேச்சு உள்ளவர் ஒரு அடி முன்னே வரட்டும், மற்றவர் அப்படியே நிற்கட்டும்.

மண்டபத்தில்

முகமூடிக்குள்ளிருந்து பாதம் தெரியாது. மேடை விளிம்பிலிருந்து அரை மீட்டர் உள்ளே ஒரு கயிற்றை வைத்து அகல டேப்பால் ஒட்டிவிடுங்கள், கால் பட்டதும் நிற்கலாம். வெறுங்காலோடு அல்லது மெல்லிய துணிச்செருப்போடு ஆடுங்கள். கன்னத்தில் ஒட்டும் மைக் முகமூடியில் உரசும். மேடைக்கு மேலே தொங்கவிட்ட இரண்டு மைக் போதும்.

மாலை மழை தகரக் கூரையில் விழுந்தால் எந்த மைக்கும் உதவாது. இதற்கென்றே பேச்சில்லாத லாட்ஸோ இரண்டைத் தயாராக வைத்திருங்கள். கொலம்பினா கையில் விளக்கைத் தூக்கினால் எல்லாரும் பேச்சை விட்டு உடம்பால் ஆட வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கோயில் திருவிழா மேடையில் ஆடுவதாக இருந்தால் படுக்கையறை, கழிவறை லாட்ஸோக்களை விட்டுவிடுங்கள், ஈயும் ரொட்டியும் கடிதமுமே போதும்.

ஆட்டம் முடிந்ததும் முகமூடியின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, மூக்கு மேலே பார்க்க வைத்துக் காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வாரத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். இரண்டாம் கதைக்குப் போகும்போது புதிதாகப் பாத்திரம் சேர்க்க ஆசை வரும். முதலில் பிரிகெல்லாவைச் சேருங்கள்: பச்சைக்கரை வைத்த வெள்ளை உடுப்பு, பூனை நடை, எல்லாவற்றிலும் தரகு பார்க்கும் மூத்த வேலைக்காரன். அர்லெக்கினோ குழப்புவதை இவன் திட்டம் போட்டுக் குழப்புவான், அதனால் இருவரும் ஜோடியாக நன்றாக ஓடுவார்கள். நேப்பிள்ஸ்காரன் புல்ச்சினெல்லா கூன், தொந்தி, கறுப்பு வளைமூக்கு எல்லாம் கொண்டவன்; அவன் வந்தால் மேடை முழுவதையும் எடுத்துக்கொள்வான். அர்லெக்கினோவும் அவனும் ஒரே கதையில் வேண்டாம், அவனுக்குத் தனிக் கதைத்தாள் எழுதுங்கள்.